நோய் இருக்கும் இடத்தில் ஆராய்ச்சியாளர் உருவாகட்டும்: ஒட்டுண்ணி நோய் ஆய்வுக்கு நிதி வழங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

வெப்பமண்டல ஒட்டுண்ணி நோய்களின் ஆய்வுக்கும் இளம் ஆராய்ச்சியாளர் பயிற்சிக்கும் நிதி வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், அப்பயிற்சியை நடத்தும் பல்கலைக்கழகங்களின் ஆய்வுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

மலேரியா, யானைக்கால், கருங்காய்ச்சல், கொக்கிப்புழு, நன்னீர் நத்தை வழியே பரவும் புழுநோயான சிஸ்டோசோமியாசிஸ், உறக்க நோய் என்று நீளும் ஒட்டுண்ணி நோய்களை ஆராயப் போகும் இளைஞர்களைப் பல ஆண்டுகளாகப் பயிற்றுவித்து வரும் ஓர் ஆசிரியர் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். அடுத்த சுற்றுப் பயிற்சி நல்கைகளுக்கான விதிகளை நீங்கள் வகுக்கும்போது, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இந்தப் பயிற்சி முடிந்து ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, நோய் பரவும் நாட்டில், தன் சொந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, தனக்கென ஓர் ஆய்வு மேசையோடு வேலை செய்யும் ஒருவர் இருப்பாரா? இருப்பார் என்று சொல்ல முடியாத திட்டம் எவ்வளவு சிறந்த வகுப்புகளையும் கருவிகளையும் கொண்டிருந்தாலும், அது பாதி வழியில் நின்றுபோன திட்டம் என்றே நான் கருதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023ஆம் ஆண்டில் 26.3 கோடி மலேரியா நோயேற்புகள் நிகழ்ந்தன. 5,97,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். மலேரியாவைச் சேர்க்காமல், அந்நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் என்று பட்டியலிட்டிருக்கும் 21 நோய்களிலும் நோய்த் தொகுதிகளிலும் பாதிக்கு மேற்பட்டவை ஒட்டுண்ணிகளால் வருபவை. இவை உங்களுக்குத் தெரியாதவை அல்ல. நோய்கள் எங்கே மிகுந்திருக்கின்றனவோ அங்கே அவற்றை ஆராய்வோர் அருகியும், நோய்கள் இல்லாத இடங்களில் ஆராய்வோர் பெருகியும் இருக்கும் நிலை இன்னும் மாறவில்லை என்பதற்காகவே அவற்றை இங்கே எடுத்துச் சொல்கிறேன்.

இந்த நிலைக்கு நீண்ட வரலாறு உண்டு. லிவர்பூலில் 1898இலும் லண்டனில் 1899இலும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிகள் தொடங்கப்பட்டபோது, குடியேற்ற நாடுகளுக்குப் போகவிருந்த மருத்துவர்களைத் தயார்செய்வதே அவற்றின் முதல் வேலையாக இருந்தது. கற்பது ஒரு நாட்டில், நோய் இன்னொரு நாட்டில் என்ற ஏற்பாடு அப்போதே வேர்விட்டுவிட்டது. உலக சுகாதார நிறுவனம், யுனிசெப், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம், உலக வங்கி ஆகியவற்றின் ஆதரவோடு இயங்கும் வெப்பமண்டல நோய் ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக்கான சிறப்புத் திட்டம் 1975இல் உருவானபோது, புதிய மருந்துகளையும் கருவிகளையும் கண்டறிவதோடு, நோயுள்ள நாடுகளின் ஆராய்ச்சித் திறனை வளர்ப்பதும் அதன் நோக்கமாக வைக்கப்பட்டது. அந்த முடிவின் பயனை நானும் என் தலைமுறையினரும் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆகவே, ஒன்றுமே நடக்கவில்லை என்று குறைகூற வரவில்லை. நடந்ததில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்கும் காலம் வந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

ஒட்டுண்ணியின் இயல்பிலிருந்தே தொடங்குவோம். பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணியை ஆய்வகக் குடுவையில் தொடர்ச்சியாக வளர்க்கும் முறையை டிரேகரும் ஜென்சனும் 1976இல் கண்டறிந்தார்கள். அதன்பின் உலகின் எந்த நகரத்திலும் அதை ஆராய முடிந்தது. ஆனால் இன்னொரு மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் வைவாக்ஸை இன்றுவரை அப்படித் தொடர்ந்து வளர்க்க முடியவில்லை. முதிராத இளம் சிவப்பணுக்களையே அது நாடுவதால், குடுவையில் அதற்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகவில்லை. வைவாக்ஸின் குருதிநிலையை ஆராய விரும்புபவர், அது தாக்கிய நோயாளியின் இரத்தம் கிடைக்கும் இடத்திற்குப் போயே தீர வேண்டும். அங்கே போனால்தான் அடுத்த சிக்கலும் தெரியும்: கல்லீரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்துத் திரும்பவும் காய்ச்சலைக் கிளப்பும் நிலைக்கு எதிராகத் தரப்படும் பிரைமாகுவின், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக் கூடும். இந்தக் குறைபாடு எந்த மக்களிடம் எவ்வளவு இருக்கிறது, பரிசோதனையில்லாத சிற்றூர் மருத்துவமனையில் மருந்தை எப்படிப் பாதுகாப்பாகத் தருவது என்ற கேள்விகள் குளிரூட்டிய ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவரின் மனத்தில் முதலில் உதிப்பதில்லை. நோயாளியின் முன்னால் நிற்பவரின் மனத்தில்தான் உதிக்கின்றன.

யானைக்கால் நோயும் இதையே சொல்கிறது. நோயை உண்டாக்கும் புழுவின் நுண்குஞ்சுகளான மைக்ரோஃபைலேரியாக்கள் உலகின் பெரும்பகுதியில் பகலில் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் ஒதுங்கியிருந்து, இரவு 10 மணிக்குமேல் 2 மணிவரை வெளி இரத்தத்தில் மிகுந்து காணப்படுகின்றன. இரவில் கடிக்கும் கொசுவின் பழக்கத்தோடு அவை ஒத்துப்போகின்றன. கொசு பகலில் கடிக்கும் தென் பசிபிக் தீவுகளிலோ இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. பாடநூலில் இது இரண்டு வரி. நள்ளிரவில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, தூக்கம் கலைந்து எரிச்சலோடு வருபவரிடம் ஏன் இந்த நேரத்தில் விரலைக் குத்த வேண்டும் என்று விளக்கி, டார்ச் வெளிச்சத்தில் மூன்று கோடுகளாக இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்த பிறகுதான், ஒரு மாணவருக்கு ஒட்டுண்ணி, கொசு, மனிதர் மூவரின் வாழ்வும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருக்கிறது என்பது உண்மையாகவே புரிகிறது. அந்த இரவுகளில் மக்கள் கேட்கும் கேள்விகளும் பயிற்சியின் பகுதிதான். மருந்து சாப்பிட்டால் வீக்கம் வடியுமா என்று கேட்பவரிடம் ஆண்டுதோறும் தரப்படும் மாத்திரை பரவலைத் தடுக்கவே என்று சொல்ல நேரும்போது, ஏற்கனவே வீங்கிய காலோடு வாழ்பவருக்கு நம் ஆராய்ச்சி என்ன தருகிறது என்ற கேள்வி மாணவரின் தோளில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கண்ணுக்கும் கைக்கும் பழக்க வேண்டியவை இன்னும் பல. குடற்புழு ஆய்வில் காட்டோ-காட்ஸ் முறையைப் பெரும்பாலானோர் பயன்படுத்துகிறார்கள். சிறு துளையுள்ள அட்டை அச்சில் 41.7 மில்லிகிராம் மலத்தை அளந்து தகட்டில் வைத்து, கிளிசரினில் ஊறிய செலோபேன் துண்டால் மூடி அழுத்தி, தெரியும் முட்டைகளை எண்ணி 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்பது கிடைத்துவிடும். கேட்பதற்கு எளியது. ஒருமுறை ஒரு பள்ளியில் நடந்த கணக்கெடுப்பில், முனைவர் பட்ட ஆய்வில் மிகச் சிறந்து விளங்கிய ஓர் இளைஞர் காலையில் தகடுகளைத் தயாரித்து அடுக்கிவைத்துவிட்டு, மதிய உணவுக்குப் பிறகு வரிசையாகப் பார்க்கத் தொடங்கினார். உருண்டைப்புழுவின் முட்டைகள் நன்றாகத் தெரிந்தன. கொக்கிப்புழு முட்டை ஒன்றுகூட இல்லை. பதிவேட்டில் சுழியம் சுழியமாக எழுதிக்கொண்டே போனார். பக்கத்து நுண்ணோக்கியில் இருந்த மூத்த ஆய்வக நுட்பநர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இல்லைன்னு எழுதிடாதீங்க. நேரம் தாண்டிப்போச்சு, அதெல்லாம் கரைஞ்சிருக்கும்" என்றார். கிளிசரின் படப்படக் கொக்கிப்புழு முட்டையின் மெல்லிய ஓடு தெளிந்து தெளிந்து மறைந்துவிடும். அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் பார்த்துவிட வேண்டும். மற்ற முட்டைகள் காத்திருக்கும், இது காத்திராது. அந்தப் பள்ளியில் மறுநாள் புதிய மாதிரிகளை எடுத்து உடனுக்குடன் பார்த்தபோது கொக்கிப்புழு இருந்தது. அன்று அந்த நுட்பநர் அருகில் இல்லாதிருந்தால், கொக்கிப்புழுவே இல்லாத பள்ளி என்று ஓர் அட்டவணை அச்சேறியிருக்கும். அதை நம்பி எவ்வளவு நுட்பமான கணித மாதிரி கட்டியிருந்தாலும் அது பொய்யின் மேல் எழுந்த கட்டடமாகவே இருந்திருக்கும்.

உங்கள் பயிற்சித் திட்டங்களில் இத்தகைய நுட்பநர்களுக்கு இடமே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விரிவுரை ஆற்ற வெளிநாட்டுப் பேராசிரியருக்கு விமானச் செலவு உண்டு. மலேரியாத் தகட்டில் நுண்ணோக்கி காட்டும் நூறு புலங்களையும் பொறுமையாகப் பார்த்து முடிக்காமல் ஒட்டுண்ணி இல்லை என்று சொல்லக் கூடாது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவருக்கு மதிப்பூதியம் என்ற தலைப்பே விண்ணப்பப் படிவத்தில் கிடையாது. அவரை ஆசிரியர் என்று பெயரிட்டு, அதற்குரிய ஊதியம் தர வேண்டும்.

நுண்ணோக்கி பழைய கருவி, இனி மரபணு வரிசையறிதலும் விரைவுப் பரிசோதனைப் பட்டைகளும் போதும் என்று சொல்வோர் உண்டு. நான் வரிசையறிதலுக்கு எதிரானவன் அல்ல. என் மாணவர்கள் அதைக் கற்க வேண்டும் என்று வற்புறுத்துபவன். ஆனால் ஃபால்சிபாரம் மலேரியாவைக் கண்டறியும் பட்டைகளில் மிகுதியானவை எச்ஆர்பி2 என்ற புரதத்தைத் தேடுபவை. அந்தப் புரதத்திற்கான மரபணுவையே இழந்துவிட்ட ஒட்டுண்ணிகள் பெருவின் அமேசான் பகுதியில் இருப்பது 2010இல் வெளியாயிற்று. பின்னர் ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியிலும் அவை காணப்பட்டன. பட்டையில் கோடு விழாத நோயாளியின் இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்து, இதோ இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் ஓரிடத்தில் இருந்தால்தான் இத்தகைய மாற்றம் கண்ணில் படும். அதன்பிறகுதான் வரிசையறி கருவிக்கு வேலை. பழைய திறனை விட்டுவிட்டுப் புதியதைக் கற்றவர், ஒட்டுண்ணி தன் வேடத்தை மாற்றிக்கொண்ட நாளில் கையறு நிலையில் நிற்பார்.

இதே போல ஆளின்றி அருகிவரும் இன்னொரு துறை, நோய் பரப்பும் உயிரினங்களை இனம்பிரித்து அறிவது. தெற்காசியாவிலும் மேற்காசியாவிலும் நகரத் தண்ணீர்த் தொட்டிகளில் வளர்ந்து மலேரியாவைப் பரப்பிவந்த அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு 2012இல் ஜிபூட்டியிலும் 2016இல் எத்தியோப்பியாவிலும் கண்டறியப்பட்டது. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று அறிவிக்கப்பட்ட அதே 2016ஆம் ஆண்டின் இறுதியில் மன்னாரிலும் அது பிடிபட்டது. பொறியில் விழுந்த கொசுக் குவியலில் இது இந்த ஊர்க் கொசு அல்ல என்று சொல்லத் தெரிந்த கண்கள் இருந்ததால்தான் அது தெரியவந்தது. நன்னீர் நத்தைகளை அறிந்தவர்களின் நிலை இதைவிட மோசம்; சிஸ்டோசோமியாசிஸ் நத்தை வழியாகவே பரவுகிறது என்று தெரிந்தும், நத்தையியலில் ஓர் இளைஞருக்கு நல்கை கிடைப்பது அரிதாகிவிட்டது. 2014இல் பிரான்சின் கோர்சிகா தீவில் ஓர் ஆற்றில் நீந்தியவர்களுக்கு அந்நோய் பரவியிருப்பது தெரியவந்தபோது, அந்த ஆற்றின் நத்தைகளை அறிந்தவர்கள் ஐரோப்பாவுக்கும் தேவைப்பட்டார்கள்.

இனி, கேள்வி யாருடையது என்பதற்கு வருகிறேன்.

1907இல் பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் என்ற இளம் மருத்துவர், ரயில்பாதை போடும் தொழிலாளர்களிடையே மலேரியாவைக் கட்டுப்படுத்துவதற்காக மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் லசான்ஸ் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார். ரயில் பெட்டி ஒன்றே அவருக்கு வீடு, மருத்துவமனை, ஆய்வகம் எல்லாம். சுவர் இடுக்குகளில் பகலெல்லாம் பதுங்கியிருந்து இரவில் தூங்குபவர்களின் முகத்தில் கடித்து இரத்தம் குடிக்கும் ஒரு பூச்சியைப் பற்றி அங்கிருந்த ரயில்வே பொறியாளர் ஒருவர் அவரிடம் சொன்னார். சாகஸ் அந்தப் பூச்சியின் குடலைத் திறந்து பார்த்தார். டிரிபனோசோமா என்ற வகை ஒட்டுண்ணி ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. 1909இல், தம் 29ஆம் வயதில், ஒரு சிறு குழந்தையின் இரத்தத்தில் அதே ஒட்டுண்ணியைக் கண்டு, அதுவரை மருத்துவ உலகம் அறியாத ஒரு நோயை, அதன் ஒட்டுண்ணியோடும் அதைப் பரப்பும் பூச்சியோடும் சேர்த்து உலகுக்கு அறிவித்தார். மலேரியாவுக்காகப் போனவர், அங்கே இருந்தவர் சொன்ன ஒரு சொல்லைக் காதில் வாங்கியதால் வேறொன்றைக் கண்டார். அதற்கு அவருக்கு அனுமதி இருந்தது. ரியோ டி ஜெனிரோவில் ஓஸ்வால்டோ குரூஸ் நடத்திய நிறுவனம் பின்னால் இருந்தது. அவர் அனுப்பிய பூச்சிகளை வைத்துக் குரங்குகளில் சோதனை நடத்திக் கொடுத்தது. சாகஸ் ஒரு தனிமனித மேதை மட்டுமே என்று நாம் கதை சொல்லிவிடுகிறோம். தன் நாட்டிலேயே வலுவான ஒரு நிறுவனமும், திட்டத்தில் எழுதப்படாத கேள்வியைத் துரத்தும் உரிமையும் அவருக்கு இருந்தன என்பதே நிதி வழங்குவோர் கவனிக்க வேண்டிய பகுதி.

ஜப்பானில் மியாயிரியும் சுசுகியும் 1913இல் சிஸ்டோசோமாப் புழுவைச் சுமக்கும் நத்தையைக் கண்டுபிடித்ததும், கல்கத்தாவின் காம்ப்பெல் மருத்துவமனையில் ஒரு சிறு அறையில் புகையும் விளக்கொளியில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி கருங்காய்ச்சலுக்கான யூரியா ஸ்டிபமின் மருந்தை உருவாக்கியதும், முனைவர் பட்டமே இல்லாத து யூயூ 1970களின் தொடக்கத்தில் சீனாவின் பழைய மருத்துவக் குறிப்புகளைத் துழாவி ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்துக்கு வழிகாட்டியதும் இந்த வகையைச் சேர்ந்தவையே. தங்கள் கண்முன் இருந்த நோயைத் தங்கள் நாட்டிலிருந்தே அவர்கள் ஆராய்ந்தார்கள்.

இப்போது உங்கள் நல்கையில் சேரும் மாணவரின் நிலையைப் பாருங்கள். ஆய்வுத் தலைப்பு அவர் வருவதற்கு முன்பே, தொலைவில் உள்ள கூட்டாளி நிறுவனத்தின் பெருந்திட்டத்தில் ஒரு பகுதியாக எழுதப்பட்டிருக்கிறது. அவர் ஊருக்குப் போய் மாதிரிகளைச் சேகரிக்கிறார். மாதிரிகள் விமானம் ஏறுகின்றன. சில சமயம் அவரும் கூடவே ஆறு மாதங்களுக்கு ஏறுகிறார். பகுப்பாய்வின் கடைசிப் படிகள் அங்கே நடக்கின்றன. கட்டுரை வெளியாகும்போது அவர் பெயர் நீண்ட வரிசையின் நடுவில் எங்கோ இருக்கிறது. மரபு வளங்களின் பயனை நியாயமாகப் பகிர்வதற்கான நகோயா நெறிமுறை 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத் தாள்கள் முன்னைவிடச் சீராகவே இருக்கின்றன. ஆனால் ஒப்பந்தம் மாதிரியைக் காப்பாற்றும். கேள்வி கேட்கும் பழக்கத்தை அது தந்துவிடாது. மூன்று ஆண்டுகள் பிறர் கேள்விக்கு மாதிரி சேகரித்தவரிடம், பட்டம் பெற்ற மறுநாள் உங்கள் சொந்த ஆய்வுத் திட்டத்தை எழுதுங்கள் என்று சொல்வது நியாயமாகாது.

ஆகவே, பயிற்சி நல்கையின் முதல் ஆறு மாதங்களைத் தலைப்பில்லாமல் விடுங்கள். அந்த மாதங்களில் மாணவர் மாவட்ட மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவிலும், மருந்து வழங்கும் குழுவோடும், பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்களோடும் இருக்கட்டும். தலைப்பை அதன்பின் அவரே முன்வைக்கட்டும்; நெறியாளர்கள் அதைச் செதுக்கிக் கொடுக்கட்டும். காலம் வீணாகிறது என்ற அச்சம் உங்கள் கணக்காளர்களுக்கு எழும். எழுதிக் கொடுத்த தலைப்பில் ஓடி முடித்துவிட்டு, பிறகு அத்துறையை விட்டே போய்விடுபவருக்குச் செலவான ஆண்டுகளை அவர்கள் எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் நான் மிகவும் கவலைப்படுவது பட்டத்திற்குப் பிந்தைய ஐந்து ஆண்டுகளைப் பற்றி. நாம் இளைஞர்களை இழப்பது அங்கேதான்.

நல்ல ஆய்வகத்தில் பயின்று, முதுமுனைவர் ஆய்வையும் முடித்து, ஊருக்குத் திரும்பி ஒரு பல்கலைக்கழகத்தில் சேருகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரமே அவருக்கு முழுநேரக் கற்பித்தல் சுமை வந்துவிடுகிறது. உறைநிலையில் வந்துசேர வேண்டிய நொதியை வரவழைத்தால், அது சுங்கக் கிடங்கில் நாள்கணக்கில் கிடந்து, உலர்பனி முழுவதும் ஆவியான பிறகு கைக்கு வருகிறது. அதற்குச் செலுத்திய பணம் திரும்புவதில்லை. ஆழ்உறை பெட்டி இருக்கிறது. மின்சாரம் நின்றால் தானே இயங்கும் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க எந்தத் தலைப்பிலும் ஒதுக்கீடு இல்லை. முன்னாள் நெறியாளரின் அடுத்த பெருந்திட்டத்தில் மாதிரி சேகரித்துக் கொடுத்தால் உடனே பணம் வரும். சொந்தக் கேள்விக்கு விண்ணப்பித்தால், முன்பே பெற்ற நிதியின் பட்டியல் கேட்கப்படும். முன்பு நிதி பெற்றவருக்கே நிதி என்ற விதி, முதல் நிதியைத் தேடும் இளைஞருக்கு அடைத்த கதவு. இரண்டு மூன்று ஆண்டுகள் போராடிய பிறகு அவர் ஒரு மருந்து நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்கோ, பன்னாட்டு அமைப்பு ஒன்றின் திட்ட அலுவலர் வேலைக்கோ, திரும்ப வெளிநாட்டு ஆய்வகத்துக்கோ போய்விடுகிறார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்; என் மாணவர்களில் அப்படிப் போனவர்கள் நல்லவர்கள், திறமையானவர்கள், குடும்பம் உள்ளவர்கள். பயிற்சிக்காகச் செலவிட்ட நீங்கள், அதற்கு அடுத்த படிக்கு ஏன் செலவிடவில்லை என்பதே என் கேள்வி.

திரும்புவோருக்கான நல்கை ஒன்றை ஐந்தாண்டு காலத்திற்கு ஏற்படுத்துங்கள். தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அறாமல் வர வேண்டும். ஆராய்ச்சியாளரின் நேரத்தில் பாதியைக் கற்பித்தலிலிருந்து விடுவிக்கப் பல்கலைக்கழகம் எழுத்தில் ஒப்புக்கொள்வது அதன் நிபந்தனையாக இருக்கட்டும். அந்த உறுதிமொழியை மீறும் பல்கலைக்கழகத்திற்கு அடுத்த நல்கை இல்லை என்று நீங்களும் உறுதியாக நில்லுங்கள். ஒரு நுட்பநரின் ஊதியம், கருவிப் பராமரிப்பு, எரிபொருள், வேதிப்பொருள் இறக்குமதிச் செலவு ஆகியவற்றை நேரடிச் செலவாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு வட்டாரத்தின் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வேதிப்பொருள்களை வாங்கிச் சேமிக்கும் பொதுக் கிடங்கு ஒன்றை அமைக்க நீங்கள் உதவினால், பாதிச் சிக்கல் அன்றே தீரும். புகழுக்குரிய வேலையாக இது தோன்றாது. ஆனால் ஆராய்ச்சி நிற்பதும் நடப்பதும் பல இடங்களில் இதைப் பொறுத்தே இருக்கிறது.

இது கைகூடும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆர்டிமிசினினுக்கு ஒட்டுண்ணி பணியாத நிலை 2008, 2009 ஆண்டுகளில் கம்போடியாவில் உறுதிசெய்யப்பட்டபோது, அது ஆப்பிரிக்காவில் தலைகாட்டினால் என்ன ஆகும் என்று உலகமே அஞ்சியது. 2020இல் ருவாண்டாவிலும் 2021இல் உகாண்டாவிலும் அது தோன்றியிருப்பதை அறிவித்த ஆய்வுக் கட்டுரைகளின் முதல் ஆசிரியர்கள் அந்தந்த நாட்டின் ஆராய்ச்சியாளர்கள். நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, மாதிரிகளை ஆண்டாண்டாகச் சேர்த்து, மாற்றத்தைப் பிடிக்க அங்கேயே ஆள் இருந்தார்கள். உறக்க நோய்க்கு ஆர்சனிக் கலந்த மெலார்சோப்ரால் ஊசி, சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 20இல் ஒருவரைக் கொன்றுவந்தது. அதற்கு மாற்றாக வாய்வழி விழுங்கும் ஃபெக்சினிடசோல் 2018இல் ஏற்கப்பட்டது. அதற்கான மருத்துவச் சோதனைகள் காங்கோ ஜனநாயகக் குடியரசிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் நடந்தன. சாலை இல்லாத ஊர்களில், பன்னாட்டுத் தரத்தில் சோதனை நடத்தப் பழகிய மருத்துவர்களும் செவிலியர்களும் இல்லாமல் அது நடந்திருக்காது.

எதிர்பாராதது வரும்போதும் இவர்களே தேவைப்படுகிறார்கள். கினிப்புழு எனப்படும் நரம்புச் சிலந்தி நோய் 1986இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 35 லட்சம் பேரைத் தாக்கியது; 2023இல் உலகம் முழுவதும் 14 பேரிடம்தான் அது காணப்பட்டது. மருந்தும் தடுப்பூசியும் இல்லாமல், தண்ணீரை வடிகட்டியும் மக்களிடம் பேசியும் எட்டிய நிலை இது. ஆனால் 2012இல் சாட் நாட்டில் அதே புழு நாய்களிடம் இருப்பது தெரியவந்ததும், முடிந்துவிட்டது என்று எண்ணிய கதையில் புதிய அத்தியாயம் திறந்துகொண்டது. ஒழிப்பை நெருங்கும் நோய்க்கு இனி ஆராய்ச்சி வேண்டாம் என்று நிதியை நிறுத்துவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நோயாளிகள் குறையக் குறைய, எஞ்சியவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் அறிவியல் கடினமாகிறது. அதைச் செய்யும் ஆள்களோ அதே வேகத்தில் கலைக்கப்படுகிறார்கள்.

2025இல் அமெரிக்க அரசின் பன்னாட்டு வளர்ச்சி முகமை மூடப்பட்டபோது, ஒரே நாட்டின் கருவூலத்தை நம்பி நடந்த நோய்த்தடுப்புப் பணிகள் பல இடங்களில் நின்றன. ஆகவே, நோயுள்ள நாடுகளின் அரசுகளுக்கும் இந்த மடல் உரியது. வெளிநாட்டு நல்கை முடிந்ததும் அந்த இளம் ஆராய்ச்சியாளரை நிரந்தரப் பணியில் ஏற்பதாகத் தொடக்கத்திலேயே அரசு கையெழுத்திட வேண்டும்; பணியிடம் இல்லாத நாட்டுக்குப் பயிற்சி மட்டும் தருவது, ஆளைத் தயார்செய்து வேறொருவருக்கு அனுப்பிவைப்பதாகவே முடியும். தம் மக்களைத் தாக்கும் நோயை ஆராய்வதற்கான செலவை முழுவதும் பிறர் தலையில் வைத்துவிட்டு, கேள்வியும் பிறருடையதாகிவிட்டதே என்று அரசுகள் வருந்த முடியாது.

உங்கள் திட்டங்களை மதிப்பிடும் முறையையும் மாற்ற வேண்டும். நல்கை முடிந்த ஆண்டில் எத்தனை பட்டங்கள், எத்தனை கட்டுரைகள் என்று எண்ணி அறிக்கையை மூடிவிடுகிறீர்கள். பத்து ஆண்டுகள் கழித்து அவர்களை மீண்டும் தேடுங்கள். யார் எங்கே இருக்கிறார்கள், யாரிடம் மாணவர்கள் இருக்கிறார்கள், நாட்டின் சிகிச்சை நெறிமுறையை யாருடைய ஆய்வு திருத்தியது, பெண்கள் எந்தப் படியில் விலகிப்போனார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைத் தனியாக அழுத்திச் சொல்கிறேன். இரவுக் களப்பணிக்குப் பாதுகாப்பான வண்டியும் தங்குமிடமும் இல்லாததாலும், பேறுகாலத்தில் நல்கையின் கடிகாரம் நிற்காமல் ஓடுவதாலும் விலகிய இளம் பெண்களை நான் அறிவேன். இரண்டுக்கும் தீர்வு உங்கள் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு வரி சேர்த்தால் போதும்.

அடுத்த அறிவிப்பின் வரைவு இன்னும் திருத்தத்திற்கு இடம் தரும் நிலையில் இருக்கும் என்று நம்பியே இதை இப்போது எழுதுகிறேன். திரும்புவோருக்கான ஐந்தாண்டு நல்கையை முழு அளவில் உடனே தொடங்க இயலாவிட்டால், இந்தச் சுற்றில் புதிதாகச் சேர்க்க நினைக்கும் மாணவர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, மிச்சப்படும் தொகையை ஏற்கனவே நீங்கள் பயிற்றுவித்துத் திரும்பியிருப்பவர்களுக்கு ஒதுக்குங்கள். அவர்கள் யார் யார் என்ற பட்டியல் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. முதலில் அவர்களுக்குக் கடிதம் எழுதி, வேலையைத் தொடர என்ன தேவை என்று கேளுங்கள்; பதில்களைப் பார்த்த பிறகு விதிகளை எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒட்டுண்ணியியல் ஆசிரியர் ஒருவர்